மலையில் ஆள் இருக்கிறது

மலையை வரையப் போகிறவன் தனியாகப் போக வேண்டும், ஆள் அரவம் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார வேண்டும், அப்போதுதான் கும்பிடத் தோன்றும், அந்தக் கும்பிடு தானாகக் கோட்டில் வந்து இறங்கும் என்று ஒரு பேச்சு நம் ஓவிய வட்டாரத்தில் வேரோடிப் போயிருக்கிறது. கூடவே அதற்கு ஒரு வாலும் உண்டு. நம்முடைய பக்தி கூட்டத்தின் பக்தியாம். தேர், நெரிசல், ஒலிபெருக்கி. அதனால்தான் தமிழில் நிலக்காட்சி ஓவியம் சவலைப்பிள்ளையாகவே நின்றுவிட்டதாம். ஐரோப்பியனுக்குத் தனிமை தெரிந்திருந்தது, மலையைக் கடவுளாகப் பார்த்து வரைந்தான். நமக்கு மலையில் படி கட்டி ஏறத்தான் தெரியும். கண்காட்சித் திறப்பு விழாக்களில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்காதவர்கள் குறைவு.

இந்தப் பேச்சு பேச்சோடு நின்றால் விட்டுவிடலாம். ஜவ்வாது மலைக்கு முகாம் போகிறவர்களின் படங்களில் அது வேலை செய்கிறது. ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, காவலூர் என்று நாலைந்து நாள் சுற்றிவிட்டு வருகிறார்கள். கொண்டுவரும் படங்களில் மூடுபனி இருக்கிறது, பாறை இருக்கிறது, ஒற்றை மரம் இருக்கிறது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஒரு மலைத்தொடரில், அத்தனை சிற்றூர்களுக்கு நடுவே, ஒரு மனுஷர் கண்ணில் படவில்லை. கேட்டால் ஐரோப்பிய ரொமான்டிக் மரபைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தச் சாட்சியையே விசாரித்துவிடலாம்.

இந்தக் கருத்தின் குலதெய்வம் காஸ்பர் டேவிட் பிரீட்ரிஷ். 1774-இல் பால்டிக் கடலோர கிரைஃப்ஸ்வால்டில் பிறந்து, 1798 முதல் டிரெஸ்டனில் வாழ்ந்து, 1840-இல் இறந்த ஜெர்மானியர். 2024-இல் அவருடைய 250ஆம் ஆண்டை ஜெர்மனி பெரிதாகக் கொண்டாடியது. மறு ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் கண்காட்சி வைத்தது. பாறை உச்சியில் முதுகைக் காட்டி நின்று பனிக்கடலைப் பார்க்கும் மனிதனின் படம் அவருடையதுதான். மலையேற்றக் குழுக்களின் விளம்பரத்தில் பாதி அந்த முதுகுதான்.

அவருக்கு முதன்முதலில் பெரிய பெயர் வாங்கித் தந்தவை எண்ணெய் வண்ண ஓவியங்கள் அல்ல, செபியாச் சித்திரங்கள். 1805-இல் வைமரில் கோதே நடத்திய போட்டிக்கு ஹெர்குலிஸ் கதையை வரையச் சொல்லியிருந்தார்கள். பிரீட்ரிஷ் அதைச் சட்டை செய்யாமல் இரண்டு நிலக்காட்சிகளை அனுப்பினார். முதல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. அவற்றில் ஒன்று என்ன தெரியுமா? மரங்களுக்கு அடியில் நிற்கும் வழியோரச் சிலுவையை நோக்கிப் போகும் ஊர்வலம். கூட்டம் ஐயா, கூட்டம்! தனிமைக்குக் குலதெய்வமாக நாம் நட்டு வைத்திருப்பவருடைய பெயர் வெளியே தெரிந்ததே ஒரு கூட்டத்தை வரைந்ததால்தான்.

செபியா செய்முறையையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் "தனியாக மலையில் உட்கார்ந்தால் கோட்டில் இறங்கும்" என்ற நம்பிக்கை அங்கேயே உடைகிறது. கணவாய் மீனின் மையிலிருந்து எடுக்கும் பழுப்பு நிறம் அது. முதலில் பென்சிலில் மெல்லிய கோடு. பிறகு மையை நீரில் நன்றாகக் கரைத்து ஒரு பூச்சு. அது காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று. அதுவும் காய்ந்தபின் மற்றொன்று. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே ஒன்றும் பூசுவதில்லை. காகிதத்தின் வெள்ளைதான் சூரியன். அந்த வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்று முதல் பூச்சுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும், பின்னால் திருத்த முடியாது. இது காற்றடிக்கும் குன்றில் பரவசத்தில் நடக்கிற காரியம் இல்லை. மேசை வேலை. வெளியே போனால் பாறையையும் மரத்தையும் பென்சிலில் எடுத்து, தேதி போட்டு வைப்பார் பிரீட்ரிஷ். நண்பர் கெர்ஸ்டிங் வரைந்த படங்களில் அவருடைய பட்டறையைப் பார்க்கலாம்: வெறுஞ்சுவர், கீழ்ப்பாதி அடைத்த ஜன்னல், ஈஸல், அவ்வளவுதான். பனிக்கடல் படத்தில் அந்த மனிதன் நிற்கும் பாறைகூட 1813-இல் எல்பே ஆற்றுப் பக்கத்து மணற்பாறை மலைகளில் எடுத்த ஒரு பென்சில் குறிப்பு. சுற்றியுள்ள சிகரங்கள் வெவ்வேறு இடத்தில் எடுத்தவை. ஒட்டிக் கட்டிய மலை அது. அப்படி ஓர் இடத்தில் போய் யாரும் நின்றுவிட முடியாது.

அவருடைய பக்தி எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் இருக்கிறது. கிரைஃப்ஸ்வால்டுக்கு எதிரே ரூகன் தீவு. அங்கே கோஸெகார்ட்டன் என்று ஒரு பாதிரியார், கவிஞரும்கூட. ஹெர்ரிங் மீன் கரையை ஒட்டி வரும் பருவத்தில் விட் என்ற குப்பத்து மீனவர்கள் கடலை விட்டுத் தேவாலயத்துக்குப் போக முடியாது. மீன் காத்திருக்காது. ஆகவே பாதிரியார் கரைக்கே போய், திறந்த வெளியில், கடலைப் பார்த்தபடி நிற்கும் செம்படவர்களுக்குப் பிரசங்கம் செய்தார். இயற்கையே கடவுளின் புத்தகம் என்ற எண்ணத்தை இளம் பிரீட்ரிஷுக்கு ஊட்டியவர்களில் முக்கியமானவர் இவர். அவருடைய சித்திரங்களை வாங்கி ஆதரித்தவரும்கூட. ரொமான்டிக் நிலக்காட்சியின் பக்தி முளைத்த இடங்களில் ஒன்று, வலையோடு கூடி நின்ற தொழிலாளிகளின் கரை.

பிரீட்ரிஷின் "கடலோரத் துறவி" படம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1808-க்கும் 1810-க்கும் இடையில் வரைந்தது. மணல், கடல், மிகப் பெரிய வானம், நடுவில் நகக்கண் அளவு ஒரு துறவி. அதைவிடத் தனிமையான படம் உலகில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்தபோது அடியில் கப்பல்கள் தெரிந்தன. முதலில் கப்பல்களை வரைந்து, பிறகு வேண்டாம் என்று அவர் மூடியிருக்கிறார். அந்த வெறுமை அவர் போய்க் கண்டுபிடித்தது இல்லை. ஆளையும் கலத்தையும் தெரிந்த ஒருவர் யோசித்து எடுத்த முடிவு. ஆண்டவன் முன் ஒவ்வொருவரும் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்ற லுத்தரன் போதனை அதன் பின்னால் இருக்கிறது. அந்தப் போதனையை அவர் எங்கே கற்றார்? மெழுகுவர்த்தி செய்து விற்ற அப்பாவின் வீட்டில், சபையோடு உட்கார்ந்து. படத்தின் மகத்துவத்தை நான் மறுக்கவில்லை. அதைப் பார்த்து "ஆளில்லாத இடத்துக்குப் போனால் போதும்" என்று எடுத்துக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

அவர் காலத்திலேயே எதிர்ப்பு வந்தது, ஆனால் வேறு பக்கத்திலிருந்து. மலையுச்சியில் சிலுவை நிற்கும் காட்சியைத் தேவாலயப் பீடத்துக்கு உரிய படமாக அவர் 1808-இல் வைத்தபோது, நிலக்காட்சி பீடத்தில் ஏறுவதா என்று ராம்டோர் என்ற விமர்சகர் 1809-இல் கொதித்தார். அந்தப் படத்திலும் சிலுவை தானாக முளைக்கவில்லை; மலையுச்சிகளில் ஊரார் நட்டு வைக்கும் செதுக்கிய சிலுவை, ஐவிக்கொடி சுற்றியது. சட்டகத்தில் கோதுமைக் கதிரும் திராட்சையும். அப்பமும் ரசமும், அதாவது பலர் கூடிப் பங்கிடுவது. (கடைசியில் அந்தப் படம் ஒரு பிரபு வீட்டுப் படுக்கையறையில் போய்த் தொங்கியது என்பது தனிக் கூத்து.)

இங்கிலாந்தின் சாமுவேல் பால்மரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1825-இல் அவர் வரைந்த செபியாக்கள் ஆக்ஸ்போர்டில் இருக்கின்றன. ரொமான்டிக் பக்திச் சித்திரத்துக்கு அவற்றைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஷோரம் கிராமத்தில் அவரைச் சுற்றி ஒரு நண்பர் கூட்டமே இருந்தது. மாலை வழிபாடு முடிந்து ஊரே வீடு திரும்பும் படம் 1830-இல் அவர் வரைந்தது.

ஆளில்லாத மலை என்ற எண்ணம் நம்மிடம் வந்த வழி வேறு. 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை முடிந்து பாராமகால் திப்புவிடமிருந்து கும்பினி கைக்குப் போனது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிதான் பாராமகால். அதன் கிழக்குச் சுவர் ஜவ்வாது மலை. அதே ஆண்டு ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து கிளம்பித் தெற்கே சுற்றினார்கள். ராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜகதேவி என்று வரைந்தார்கள். 1795-க்கும் 1808-க்கும் இடையில் லண்டனில் வெளியான அவர்களுடைய 144 அக்வாடிண்ட் படங்களில் இவையும் சேர்ந்தன. அருமையான வேலைப்பாடு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பார்வை எது? போரில் பிடித்த கோட்டைகளைத் தூரத்தில் நிறுத்திக் காட்டும் பார்வை. கீழே இரண்டு மூன்று சின்ன உருவங்கள், மலை எத்தனை உயரம் என்று அளந்து காட்ட. அந்தச் சமயத்தில்தான் கும்பினி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அதே பாராமகாலில் நிலத்தை அளந்து வரி போட்டுக்கொண்டிருந்தார்கள். பல்லக்கும் சுமை ஆட்களும் கேமரா அப்ஸ்க்யூராவுமாகப் போன டேனியல்களுக்குத் தனிமையும் இல்லை, நம் மலையின் மேல் பக்தியும் இல்லை. அவர்கள் விட்டுப்போன வெற்று மலையில் பிரீட்ரிஷின் துறவியைக் கொண்டுபோய் நிறுத்தியது நம்முடைய கைவேலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலை முகாம் ஒன்றின் படங்களைப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. நல்ல கைத்திறன் உள்ள ஒரு மாணவர் ஈரக் காகிதத்தில் வாட்டர்கலர் செய்திருந்தார். இளம்பச்சைச் சரிவு மேலே போகப் போகப் பனியில் கரைகிறது. அந்த இடத்திலேயே எடுத்த போட்டோவையும் செல்போனில் காட்டினார். அதில் அதே சரிவு, ஆனால் கல் அடுக்கிய வரப்பு, ஓர் ஓரத்தில் கூரை வீடு, மின்கம்பம், குனிந்து களை எடுக்கும் இரண்டு பெண்கள். "இதெல்லாம் எங்கே தம்பி?" என்றேன். "டிஸ்டர்பன்ஸா இருந்துச்சு சார்" என்றார். அவர் ஆசைப்பட்டு வரைந்த அந்தப் பச்சை சாமைப் பயிரின் பச்சை. அந்தப் பெண்கள் விதைத்திருக்காவிட்டால் அங்கே அந்த நிறமே இல்லை.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. தெய்வம் வேண்டுமானால் ஆளை எடு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையிலோ நிலைமை தலைகீழ். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வழிவழியாகச் சொல்கிறவர்கள். சாமியை மலைக்குக் கூட்டி வந்ததும் அவர்கள், மலையில் இருந்த சாமியோடு உறவு வைத்ததும் அவர்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே கீழ்செப்பிலியில் யாரோ பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றி இறந்தவர்களுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த மூடுகல்லைத் தூக்க எத்தனை தோள் வேண்டும் என்று யோசித்தாலே போதும், தனிமை என்ற வாதம் அங்கே நிற்காது.

எழுத்துச் சாட்சி வேண்டுமானால் மலைபடுகடாம் இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் செங்கண்மாத்து நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் தெற்குக் காலடி. நூலில் ஓடும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு. நவிரமலையில் காரியுண்டிக் கடவுள் வீற்றிருப்பதாக நூல் சொல்லும். அதைப் பர்வதமலை என்று பலரும் அடையாளம் காட்டுகிறார்கள். மலையைப் பற்றித் தமிழில் இத்தனை நெருக்கமாக எழுதிய நூல்கள் கொஞ்சம்தான். அதன் அமைப்பு என்ன? பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தர் கூட்டம் எதிரே வரும் இன்னொரு கூட்டத்துக்கு வழி சொல்கிறது. வாத்தியங்களைத் தோளில் சுமந்துகொண்டு, பெண்டு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு. வழியெல்லாம் தெய்வம் இருக்கும், கும்பிட்டுப் போங்கள் என்று சொல்கிறது. மலையின் சத்தங்களை வரிசையாக அடுக்கும் ஒரு நீண்ட பகுதி உண்டு. அருவியில் குளிக்கும் பெண்கள், தேன் எடுப்போரின் ஆரவாரம், தானியம் குற்றும்போது பாடும் பாட்டு, புலி கிழித்த கணவனின் புண் ஆறப் பாடுகிற மனைவி. எல்லாம் சேர்ந்து எதிரொலிக்க, மலையே மதயானைபோல் முழங்குகிறது என்பதால்தான் நூலுக்கு அந்தப் பெயர். நிலக்காட்சி நமக்குத் தெரியாது என்கிறவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை உரையோடு வாசித்துவிட்டு வாதத்துக்கு வரட்டும்.

அதே நூலில், பிரியும் வழிகளில் பெயர் பொறித்த நடுகற்கள் நிறைய இருக்கும், அங்கே உங்கள் இசையை வாசித்துவிட்டுக் கடந்து போங்கள் என்றும் அந்தக் கூத்தர் சொல்கிறார். கவிதை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. செங்கம் வட்டாரத்தில் அந்த மரபின் கற்கள் கொத்துக் கொத்தாகக் கிடைத்தன, இரா. நாகசாமியின் 'செங்கம் நடுகற்கள்' 1972-இல் வெளிவந்தது. எனக்குப் பிடித்தது எடுத்தனூர்க் கல். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம், மகேந்திரவர்மன் ஆட்சிக் காலம். பலகைக் கல்லில் புடைப்பாக, கையில் ஆயுதத்தோடு கருந்தேவக்கத்தி என்ற வீரன்; பக்கத்தில் ஒரு நாய். நாய்க்கும் தனியாக வட்டெழுத்து. கோவிவன் என்று பெயர். திருடர்கள் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். வெட்டவெளியில் கல் நட்டு, அதில் உருவம் செதுக்கி, நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதி, படையல் வைத்துக் கும்பிட்டார்கள். நிலக்காட்சியும் பக்தியும் சித்திரமும் சேர்ந்த பொருள் இதைவிட வேறென்ன வேண்டும்? இங்கே சித்திரம் நிலத்தைப் பார்க்கவில்லை, நிலத்திலேயே நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்த் தரப்பின் கடைசிச் சீட்டு எனக்குத் தெரியும்: ரமணர். ஜவ்வாது மலைக்குத் தென்கிழக்கே, திருவண்ணாமலையில், 1896-இல் வந்து இறங்கிய பதினாறு வயதுப் பையன். பிறகு விரூபாக்ஷ குகை. 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமம். மலையும் ஒரு தனி மனிதனும். சரி. ஆனால் குகையில் கூடவே தொண்டர் பழனிசாமி இருந்தார். ஊர்ப் பெண்கள் சோறு கொண்டுபோனார்கள். அருணாசலத்தின் மேல் ரமணர் செய்தவற்றில் மிகப் பிரபலமான அட்சரமணமாலை எதற்காகப் பிறந்தது? பிட்சைக்குத் தெருவில் போகும் அடியார்கள் பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதால். மலையைத் தனியாக உணர்ந்தவர் என்று யாரைக் காட்டுகிறார்களோ அவர் மலைக்குச் செய்த பாட்டு, திருவோட்டோடு தெருவில் போன ஒரு கோஷ்டிக்காகச் செய்தது.

பௌர்ணமி இரவில் பர்வதமலை ஏறியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். தென்மாதிமங்கலத்திலிருந்து காட்டுப் பாதை. பிறகு செங்குத்துப் பாறை. கடப்பாறைகளை அடித்து நட்ட படி, இரும்புச் சங்கிலி, ஏணி. பின்னால் வருகிறவர் யார் என்று தெரியாது, கையைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். மேலே நிற்கிறவர் நம்மை இழுப்பார். உச்சியில் மல்லிகார்ச்சுனர். இனி பிரீட்ரிஷைப் பாருங்கள். அவர் 1810 ஜூலையில் கெர்ஸ்டிங்கோடு ரீஸன்கெபிர்கெ மலைகளில் நடந்தார். அதிலிருந்து பிறந்த விடியல் காட்சி ஒன்று உண்டு. உச்சிப் பாறையில் சிலுவை. அதை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையால் ஓர் ஆணை மேலே இழுத்துவிடும் பெண். அந்தச் சின்ன உருவங்களை கெர்ஸ்டிங்தான் வரைந்தார் என்ற கருத்தும் இருக்கிறது. அப்படியானால் தனிமையின் பெருந்தெய்வம் படத்தையே கூட்டாளியோடு சேர்ந்து முடித்திருக்கிறார். பர்வதமலைக் கடப்பாறைப் படியில் மாதாமாதம் நடப்பது அதே காட்சி. நம் ஓவியர்கள் அதை வரைவதில்லை. கூட்டம் கலைந்தபின் வெற்றுச் சிகரத்தை வரைய மறுநாள் போகிறார்கள்.

அப்படியானால் ஜவ்வாது மலையில் தனிமையே கிடையாதா என்றால், உண்டு. யாரும் வரையாத தனிமை. பிழைப்புக்கு வழியில்லாமல் வெளியூர் போன ஆண்கள் இல்லாத வீடுகளின் தனிமை அது. செம்மரம் வெட்டக் கூலிக்குக் கூட்டிப்போய், அகப்பட்டு, ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்களில் இந்த மலைக்காரர்கள் எத்தனையோ பேர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் காவல்துறை சுட்டு 20 பேர் செத்தபோது, திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் தருமபுரி மாவட்டத்துக்கும் உடல்கள் வந்தன. அதன்பிறகும் கோடை விழாக்கள் நடந்தன, முகாம்கள் நடந்தன, மூடுபனிப் படங்கள் குவிந்தன. ஆளில்லாத மலை என்று அவர்கள் ரசித்தபோது அங்கே ஆள் ஏன் இல்லை என்ற கேள்வி ஒரு படத்திலும் நுழையவில்லை.

கலை வேறு, சமூகவியல் வேறு என்று இதற்குப் பதில் வரும். சித்திரத்தைச் சித்திரமாகவே பேசுவோம். அந்த வீடுகளில் ஒன்றின் வாசலை வரைய வேண்டுமென்றால் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட முடியாது. உள்ளே இருக்கும் அம்மாவிடம் கேட்க வேண்டும். எதற்கு என்று அவர் கேட்பார், சொல்ல வேண்டும். ஒருவேளை வேண்டாம் என்பார். சரி என்றால் காப்பித்தண்ணி வரும், பேச்சு வரும், போட்டோவில் இருக்கிறவர் யார், எந்த ஊர்ச் சிறையில் இருந்தார் என்ற கதை வரும், சாமை எப்போது அறுத்தார்கள் என்பது வரும். அதற்குப் பிறகு அந்த வாசலில் ஆளே இல்லாமல் வரைந்தாலும், எதை விட்டார், ஏன் விட்டார் என்று வரைந்தவருக்குத் தெரிந்திருக்கும்.